போலி லிங்க்கில் சிக்கிவிட்டீர்களா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

சமூக வலைத்தளக் கணக்கில் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: பாஸ்வேர்டை மாற்றிவிட்டு நிம்மதியாக உட்காருவது. மாற்ற வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது. ஒருவர் லாகின் செய்ததும் அவருடைய பிரவுசரில் ஒரு குக்கீ பதிவாகிறது. அதற்குப் பிறகு அது இருக்கும்வரை தளம் அவரிடம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. அந்த லாகினை ரத்து செய்யாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவது, திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது வாசல் பூட்டை மாற்றுவது போலத்தான்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: எதுவரை போனீர்கள்? லிங்க்கைத் திறந்ததோடு சரியா, பாஸ்வேர்டு கொடுத்தீர்களா, ஓடிபியும் சேர்த்துக் கொடுத்தீர்களா, க்யூஆர் கோடு ஸ்கேன் செய்தீர்களா, ஏதாவது ஆப்புக்கு அனுமதி கொடுத்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கீழே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போகலாம்.

சந்தேகமான செய்தி வந்திருக்கிறது, இன்னும் தொடவில்லை

"இந்த வீடியோவில் இருப்பது நீங்களா?" "உங்கள் பதிவு மீது காப்புரிமைப் புகார், 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும்." "நீல டிக் வழங்கப்படுகிறது, விண்ணப்பியுங்கள்." "போட்டியில் எனக்கு ஒரு ஓட்டுப் போடுங்கள்." வார்த்தைகள் மாறும், உத்தி மாறாது. அவசரப்படுத்துவார்கள், அவர்கள் காட்டும் லிங்க் வழியாகவே போகச் சொல்வார்கள்.

செய்தி உண்மையா பொய்யா என்று அதன் எழுத்துப்பிழைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போது போலிச் செய்திகள் பிழையே இல்லாமல் வருகின்றன. லிங்க்கை விட்டுவிட்டு ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். கணக்குக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் அந்த அறிவிப்பு ஆப்புக்குள்ளும் இருக்கும். இன்ஸ்டாகிராம், பேஸ்புக் இரண்டிலும், நிறுவனம் உங்களுக்குச் சமீபத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களின் பட்டியல் செட்டிங்ஸில் இருக்கிறது. மெனுக்கள் அடிக்கடி இடம் மாறுவதால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஈமெயில்ஸ்' என்று தேடுவது சுலபம். உங்கள் இன்பாக்ஸில் உள்ள மிரட்டல் மெயில் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதை அழித்துவிடலாம்.

'சப்போர்ட் டீம்' என்ற பெயரில் நேரடி மெசேஜ் வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. புரொஃபைல் பெயரையும் படத்தையும் யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ் தளத்தில் ஒரு நிறுவனத்தைப் பற்றிப் புகார் எழுதிய சில நிமிடங்களில் "உதவுகிறோம், டிஎம் அனுப்புங்கள்" என்று வந்து நிற்கும் கணக்குகள் பல இந்த வகைதான். நீங்கள் கோபத்திலும் அவசரத்திலும் இருக்கும் நேரம் அது என்று அவர்களுக்குத் தெரியும்.

செய்தி நண்பரிடமிருந்து வந்திருந்தால் அதே சாட்டில் "நீதானா?" என்று கேட்டுப் பயனில்லை. நண்பரின் கணக்கைப் பிடித்துவைத்திருப்பவர் "ஆமாம், நான்தான்" என்றுதான் பதில் சொல்வார். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்படியே அவர் கணக்கு பறிபோயிருக்கிறது என்றும் சொல்லிவிடலாம். பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது.

லிங்க்கைத் திறந்துவிட்டேன், ஆனால் எதையும் டைப் செய்யவில்லை

பதற வேண்டாம். போனும் பிரவுசரும் அப்டேட்டாக இருந்தால், ஒரு பக்கத்தைத் திறந்ததாலேயே கணக்கு பறிபோவது மிக அரிது. பக்கத்தை மூடுங்கள். "நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கவா?" என்று கேட்டதற்கு ஆம் என்று சொல்லியிருந்தால், பிரவுசர் செட்டிங்ஸில் போய் அந்தத் தளத்தின் அனுமதியை நீக்குங்கள். ஏதாவது ஃபைல் இறங்கியிருந்தால் திறக்காமல் அழியுங்கள்.

வீடியோ பார்க்க ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொன்னதா? இது பழைய தந்திரம். 2008இல் பேஸ்புக்கில் பரவிய கூப்ஃபேஸ் என்ற புழு (தானே பரவும் தீய மென்பொருள்) இதைத்தான் செய்தது. நண்பரின் பெயரில் வீடியோ லிங்க் வரும், திறந்தால் "ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யுங்கள்" என்று சொல்லும், அந்த அப்டேட்தான் புழு. ஃபிளாஷ் போய்ச் சேர்ந்துவிட்டது, தந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்ஸ்டால் செய்திருந்தால் இந்தப் பகுதியோடு நிறுத்தாதீர்கள். ஆப்பை நீக்குங்கள், வைரஸ் சோதனை செய்யுங்கள். அந்தக் கருவியில் திறந்திருந்த எல்லாக் கணக்குகளுக்கும் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

சரி, அந்தப் பக்கம் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முகவரியைப் படிக்கும் முறை தெரிந்தால் பெரும்பாலும் போதும். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்புறம் கடைசியாக இருக்கும் பெயர்தான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். பேஸ்புக்.காம்.வேறுபெயர்.நெட் என்று இருந்தால் அது பேஸ்புக்கின் தளம் அல்ல, வேறுபெயர்.நெட் வைத்திருப்பவருடையது. முன்னால் எத்தனை நல்ல பெயர்களை வேண்டுமானாலும் அவரால் ஒட்டவைக்க முடியும். போனில் முகவரி பாதி மறைந்திருக்கும் என்பதால் அதைத் தொட்டு முழுவதையும் பாருங்கள். ரஷ்ய எழுத்துகளில் சில ஆங்கில எழுத்துகளைப் போலவே தெரியும். அப்படி எழுத்தை மாற்றிப் பதிவு செய்யப்பட்ட பெயர்களைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வேறு யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் அது சொல்கிறது. தளம் நேர்மையானது என்று அது சொல்லவில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரர்களும் வாங்கிவைத்திருக்கிறார்கள். தப்பான நம்பிக்கை தருகிறது என்பதால்தான் குரோம் பிரவுசர் 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

கண்ணைவிட நம்பகமான சாட்சிகள் இரண்டு உண்டு. ஒன்று, பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைத்து லாகின் பக்கத்தில் நிரப்பித் தரும் மென்பொருள். அது பார்ப்பது பக்கத்தின் தோற்றத்தை அல்ல, முகவரியை. வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் அது சும்மா இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது வேலை செய்யவில்லை என்று நினைத்து நீங்களே காப்பி செய்து ஒட்டினால் கிடைத்த எச்சரிக்கை வீணாகிவிடும். இன்னொன்று, பக்கம் உங்களிடம் கேட்கும் கேள்வி. பேஸ்புக் ஆப்புக்குள் லாகின் ஆகித்தான் இருக்கிறீர்கள். அங்கிருந்து திறந்த ஒரு பக்கம் பேஸ்புக் பாஸ்வேர்டை மறுபடி கேட்டால், அது ஏன் என்று யோசியுங்கள்.

"பேஸ்புக் மூலம் லாகின்" என்று அழுத்தினால் எழும் சிறிய ஜன்னலையும் போலியாகச் செய்ய முடியும் என்று 2022இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் செய்துகாட்டினார். முகவரிப் பட்டை உட்பட எல்லாமே வரைந்த படம். கணினியில் இதற்கு எளிய சோதனை உண்டு. அந்த ஜன்னலைப் பிடித்து பிரவுசரின் எல்லைக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான ஜன்னல் வெளியே வரும். போலி, எல்லையைத் தாண்டாது.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன்

இங்கே நிமிடங்கள் முக்கியம், வரிசையும் முக்கியம்.

கொடுத்த பாஸ்வேர்டுதான் உங்கள் மின்னஞ்சலுக்கும் என்றால் முதலில் மின்னஞ்சலைக் காப்பாற்றுங்கள், சமூக வலைத்தளம் பிறகு. மின்னஞ்சல் கையில் இருப்பவர் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் "மறந்துவிட்டது" என்று சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வேறு பாஸ்வேர்டு என்றால் நேராக ஆப்பைத் திறந்து, உள்ளிருந்தே புதிய பாஸ்வேர்டு வையுங்கள். அதே நேரத்தில் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்ற தேர்வை விடாமல் அழுத்துங்கள். மேலே சொன்ன குக்கீ இப்போதுதான் செல்லாமல் போகும்.

அடுத்து, பலர் மறக்கும் இடம்: கணக்கில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் முகவரிகளையும் போன் எண்களையும் பாருங்கள். உங்களுடையதை அழிக்காமல், பக்கத்தில் தன்னுடையதையும் சேர்த்துவிட்டுப் போவது மோசடிக்காரர்களின் வழக்கம். ஒரு மாதம் கழித்து வந்து அதை வைத்தே கணக்கை மீட்பார்கள். இரட்டைச் சரிபார்ப்பில் (பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி போன்ற இன்னொரு சான்றும் கேட்கும் வசதி) நீங்கள் சேர்க்காத கருவியோ ஆப்போ இருக்கிறதா, இணைந்த வெளி ஆப்கள் பட்டியலில் தெரியாத பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பேஸ்புக் பேஜ் அல்லது விளம்பரக் கணக்கு வைத்திருந்தால் நிர்வாகிகள் பட்டியலைக் கட்டாயம் சோதியுங்கள். தன்னை நிர்வாகியாகச் சேர்த்து, உங்கள் கார்டில் விளம்பரம் ஓட்டுவதுதான் பலருடைய குறி.

மின்னஞ்சலிலும் ஃபில்டர், ஃபார்வர்டு விதிகளைத் திறந்து பார்க்க வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கைகளை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஒரு விதியை வைத்துவிட்டால், என்ன நடந்தாலும் உங்கள் கண்ணில் படாது.

அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினீர்களோ அங்கெல்லாம் மாற்றுங்கள். கடைசி எண்ணை மட்டும் கூட்டி வைப்பதில் பயனில்லை, அதை ஊகிக்கும் மென்பொருள் இருக்கிறது.

ஓடிபியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்

"இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தேனே, எப்படி?" என்ற கேள்வி நியாயமானது. இன்றைய போலிப் பக்கங்கள் வெறும் படிவங்கள் அல்ல. உங்களுக்கும் உண்மையான தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, நீங்கள் டைப் செய்வதை அந்த நொடியிலேயே அங்கே அனுப்புகின்றன. ஓடிபி காலாவதி ஆவதற்கு முன்பே மோசடிக்காரர் லாகின் ஆகிவிடுகிறார். 2020 ஜூலையில் ட்விட்டரில் ஒபாமா, ஜோ பைடன், பில் கேட்ஸ் கணக்குகளிலிருந்து பிட்காயின் மோசடிப் பதிவுகள் வந்தது நினைவிருக்கலாம். அதன் தொடக்கம் ட்விட்டர் ஊழியர்களுக்குப் போன் செய்து ஏமாற்றியதுதான். 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன, 45 கணக்குகளிலிருந்து பதிவு போடப்பட்டது. தொழில்நுட்ப நிறுவனத்துக்கு உள்ளேயே இருப்பவர்கள் சிக்கும்போது, நீங்கள் சிக்கியதற்காகக் கூனிக்குறுக எதுவுமில்லை. வெட்கப்பட்டு மறைப்பதில் போகும் நேரம்தான் உண்மையான நஷ்டம்.

செய்ய வேண்டியது முந்தைய பகுதியில் சொன்னதுதான், இன்னும் வேகமாக. இங்கே "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதுதான் உயிர்நாடி. பழைய பேக்கப் கோடுகளை (ஓடிபி கிடைக்காதபோது பயன்படுத்த முன்கூட்டியே தரப்படும் எண்கள்) ரத்து செய்து புதியவை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் விஷயம் கொஞ்சம் வேறு. எஸ்எம்எஸ்ஸில் வந்த 6 இலக்க எண்ணை யாரிடமாவது சொல்லிவிட்டால் உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். உடனே உங்கள் எண்ணைப் போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். புதிய 6 இலக்க எண் உங்களுக்குத்தான் வரும், அதைக் கொடுத்ததும் அவர் வெளியேற்றப்படுவார். அவர் இதற்குள் டூ ஸ்டெப் பின் (பதிவு செய்யும்போது கூடுதலாகக் கேட்கப்படும் ரகசிய எண்) ஒன்றை வைத்திருந்தால் அது உங்களுக்குத் தெரியாது, 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்த 7 நாளும் அவராலும் உள்ளே இருக்க முடியாது என்பதுதான் ஆறுதல். உங்கள் பழைய உரையாடல்கள் உங்கள் போனில் இருப்பவை, எண்ணைப் பதிவு செய்ததால் மட்டும் அவருக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அவர் உள்ளே இருந்த நேரத்தில் உங்கள் பெயரில் குழுக்களில் பணம் கேட்டிருப்பார். ஆகவே போனிலோ வேறு ஆப்பிலோ எல்லோருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

டெலிகிராமில் உங்களுக்கு ஒரு நாள் சாதகம் இருக்கிறது. புதிதாக லாகின் ஆன கருவியால் முதல் 24 மணி நேரத்துக்குப் பழைய கருவிகளை வெளியேற்ற முடியாது. செட்டிங்ஸில் டிவைசஸ் பகுதிக்குப் போய் மற்ற எல்லாவற்றையும் நீக்குங்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் திறக்காத செய்திகள் படித்ததாகக் காட்டுகின்றன

இந்த அறிகுறியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே யாரும் உங்களை வெளியேற்றவில்லை, கூடவே உட்கார்ந்து படிக்கிறார்கள். ஓட்டுப் போடவோ பரிசு வாங்கவோ ஒரு க்யூஆர் கோடை வாட்ஸ்அப் வழியாக ஸ்கேன் செய்தீர்களா? அல்லது 8 எழுத்துக் கோடு ஒன்றை வாட்ஸ்அப்புக்குள் போடச் சொன்னார்களா? இரண்டும் வாட்ஸ்அப்பில் புதிய கருவியை இணைக்கும் வழிகள். நீங்களே அவருடைய கணினியை உங்கள் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள். மேலே சொன்ன நிலைமை போல அல்லாமல், இங்கே பழைய உரையாடல்களும் அவர் திரையில் வந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியைத் திறங்கள். தெரியாதது எதுவாக இருந்தாலும் தொட்டு வெளியேற்றுங்கள். சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு உங்களுடையதை மறுபடி இணைத்துக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை. சாட்டில் யாருக்காவது பாஸ்வேர்டு, அடையாள அட்டைப் படம் போன்றவை அனுப்பியிருந்தால் அவை வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பாஸ்வேர்டு தவறு என்கிறது, மின்னஞ்சலும் மாற்றப்பட்டுவிட்டது

பிரவுசரில் நீங்களே டைப் செய்து பேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு, அல்லது இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற பக்கத்துக்குப் போங்கள். கூகுளில் தேடி அங்கே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். வழக்கமாக லாகின் செய்யும் அதே போன், அதே வைஃபையிலிருந்து முயன்றால் வாய்ப்பு அதிகம், தளத்துக்கு அந்தக் கருவி ஏற்கெனவே பழக்கம்.

கூடவே உங்கள் பழைய மின்னஞ்சலில், குப்பை, ஸ்பாம் உட்பட, தேடுங்கள். மின்னஞ்சல் முகவரி மாற்றப்படும்போது பழைய முகவரிக்கு ஒரு தகவல் வரும், "இதை நான் செய்யவில்லை" என்று மாற்றத்தைத் திரும்பப்பெற அதில் வழி இருக்கும். இன்ஸ்டாகிராமின் அந்த மெயில் செக்யூரிட்டி அட் மெயில் டாட் இன்ஸ்டாகிராம் டாட் காம் என்ற முகவரியிலிருந்து வரும். இதே மெயிலையும் போலியாக எழுதுவார்கள் என்பதால், அனுப்புநரின் பெயரைத் தொட்டு முழு முகவரியையும் பார்த்துவிட்டே அழுத்துங்கள். உங்கள் முகம் தெரியும் படங்கள் கணக்கில் இருந்தால் இன்ஸ்டாகிராம் வீடியோ செல்ஃபி கேட்டு அடையாளம் சரிபார்க்கலாம். முதல் முறை நிராகரித்தால் நல்ல வெளிச்சத்தில் மறுபடி எடுத்து அனுப்புங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் இரண்டாவது மோசடி காத்திருக்கிறது. "என் கணக்கு போய்விட்டது" என்று எங்காவது எழுதியதும், "எனக்கு ஒருவர் அரை மணி நேரத்தில் மீட்டுத் தந்தார், இவரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்று பதில்கள் வந்து குவியும். அவை தானியங்கிக் கணக்குகள். பேஸ்புக்குக்குள் புகுந்து கணக்கை எடுத்துத் தரும் தனிநபர் என்று யாரும் கிடையாது. முன்பணம் கேட்பார், பிறகு "மென்பொருளுக்கு" இன்னும் கேட்பார், கடைசியில் மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் கேட்பார். கணக்கை இழந்து தவிக்கும் ஒருவரைத் தேடிவந்து ஏமாற்றும் இந்த வேலையை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் எங்கேயும் எதுவும் கொடுக்கவில்லை, ஆனாலும் என் பெயரில் செய்திகள் போகின்றன

முதலில் அவை உங்கள் கணக்கிலிருந்துதான் போகின்றனவா என்று பாருங்கள். செய்தி கிடைத்த நண்பரிடம் அனுப்பியவரின் புரொஃபைலைத் திறந்து யூசர்நேமை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் பெயரும் படமும் போட்ட வேறு கணக்கு என்றால், உங்களுடையது ஹேக் ஆகவில்லை. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது. அந்த புரொஃபைலை ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள், நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள், உங்கள் நண்பர் பட்டியலை மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைத்து வையுங்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அவர் ஆள் பிடிக்கிறார்.

உங்கள் கணக்கேதான் என்றால் அனுமதி கொடுத்த ஆப்களைச் சந்தேகியுங்கள். 2017 மே மாதம் 'கூகுள் டாக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு போலி ஆப் பரவியது. பாஸ்வேர்டே கேட்கவில்லை, "அனுமதி" பொத்தானை அழுத்தினால் போதும், உங்கள் தொடர்புகளுக்கெல்லாம் மெயில் அனுப்பியது. இப்படிப்பட்ட அனுமதியைப் பட்டியலுக்குப் போய் நீக்கினால்தான் தீரும். பிரவுசரில் சேர்த்த எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். எதற்காகச் சேர்த்தோம் என்று நினைவில்லாததை எடுத்துவிடுங்கள்.

கேட்காமலே ஓடிபி வருகிறது

எந்த வகை என்று படியுங்கள். பாஸ்வேர்டை மாற்றுவதற்கான எண் என்றால், யாரோ உங்கள் யூசர்நேமைப் போட்டு "மறந்துவிட்டது" என்று அழுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். ஆனால் இரட்டைச் சரிபார்ப்பு எண் என்றால் கதை வேறு, பாஸ்வேர்டைச் சரியாகப் போட்ட பிறகுதான் அது வரும். அவரிடம் உங்கள் பாஸ்வேர்டு இருக்கிறது என்று அர்த்தம், இப்போதே மாற்றுங்கள். "நீங்கள்தானா?" என்று போனில் அறிவிப்பு வந்தால் தொல்லை தாங்காமல் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள்.

பணமோ கார்டு விவரமோ போய்விட்டது

வங்கிக்கு முதலில் போன், பிறகு மற்றதெல்லாம். எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்தோ வங்கியின் சொந்த ஆப்பிலிருந்தோ எடுங்கள், தேடல் முடிவுகளிலிருந்து வேண்டாம். செய்திகளை அழிக்காமல் முகவரியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

கணக்கு திரும்பக் கிடைத்த பிறகு

தளம் பாஸ்கீ வசதி (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகை, முகம் அல்லது பின்னைக் கொண்டு லாகின் செய்வது) தந்தால் அதையே பயன்படுத்துங்கள். பாஸ்கீயும், லாகினை உறுதிசெய்யச் செருகும் சிறு கருவியான யுஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டவை. போலி முகவரியில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் அவை வேலை செய்யாது. கூகுள் 2017இல் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, அவர்களின் அலுவலகக் கணக்கு எதுவும் இந்த வகை மோசடியில் பறிபோகவில்லை என்று 2018இல் சொன்னது. பாஸ்கீ இல்லாத இடத்தில் எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைவிட, போனிலேயே அந்த எண்ணை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் மேல், சிம்மை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கைப்பற்றும் மோசடிக்கு அது அகப்படாது. ஆனால் போலிப் பக்கத்தில் நீங்களே டைப் செய்துவிட்டால் அந்த எண்ணும் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் பின்னை இன்றே வையுங்கள், மறந்தால் மீட்க ஒரு மின்னஞ்சலையும் சேர்த்து. பேஸ்புக் தரும் 10 மீட்புக் கோடுகளைக் காகிதத்தில் எழுதி, போன் தொலைந்தாலும் கைக்குக் கிடைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.